யாருடைய உறுத்தல்

சந்தேகம் என்பது மனதில் எழும் ஓர் உறுத்தல். அதைத் தணிக்க மனிதர் படும் பாடுதான் விசாரணை. உறுத்தல் அடங்கி மனம் நிலைகொள்ளும் இடம் நம்பிக்கை. சார்ல்ஸ் சாண்டர்ஸ் பெர்ஸ் 1877இல் எழுதிய கட்டுரையின் சாரம் இது. நம்பிக்கை என்பதை மூளைக்குள் பத்திரப்படுத்திய ஒரு வாசகமாக அவர் பார்க்கவில்லை. இன்ன நிலைமை வந்தால் இன்னபடி நடந்துகொள்ளத் தயாராக இருக்கும் பழக்கமே அவருக்கு நம்பிக்கை. அடுத்த ஆண்டு ஜனவரியில் வெளிவந்த கட்டுரை இன்னும் ஓர் அடி முன்னே போனது. ஒரு கருத்துக்கு என்ன பொருள் என்று தெரிய வேண்டுமானால், அது மெய்யானால் அனுபவத்தில் என்னென்ன விளைவுகள் தட்டுப்படும் என்று கேட்க வேண்டும். ஒரு பொருள் கடினமானது என்பதன் பொருள், பெரும்பாலான மற்றப் பொருள்களால் அதன்மேல் கீறல் விழாது என்பதே. அதற்கு அப்பால் கடினம் என்று தனியாக ஒன்று ஒளிந்திருக்கவில்லை. பின்னால் பிராக்மாட்டிசம் என்றும் தமிழில் நடைமுறைவாதம் என்றும் பெயர் பெற்ற தத்துவத்தின் விதை இவ்வளவுதான். பெர்ஸ் அன்றாடம் செய்த வேலைக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. அமெரிக்கக் கடற்கரை அளவைத் துறையில் ஊசல்களை ஆடவிட்டுப் புவியீர்ப்பை அளந்துகொண்டிருந்தவர் அவர். எந்த அளவீடும் பிழையோடுதான் வரும் என்பதும், பலர் பல இடங்களில் திரும்பத் திரும்ப அளந்து ஒப்பிடும்போதுதான் பிழை ஒதுங்கி எண் தெளியும் என்பதும் அவருக்குக் கைப்பழக்கமாகவே தெரியும். ஆகவே உண்மை என்பது தனியொருவரின் கண்டுபிடிப்பாக இருக்க முடியாது. விசாரிப்பவர்களின் சமூகம் நீண்ட காலத்தில் வந்து சேரும் இடம் அது.

இந்தத் தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு. சந்தேகம் உண்மையானதாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் சந்தேகிக்கிறேன் என்று டெக்கார்ட் பாணியில் தாளில் எழுதிவைப்பதால் மட்டும் சந்தேகம் பிறந்துவிடாது. உள்ளத்தில் துளியும் ஐயமில்லாத ஒன்றைப் பற்றி ஐயப்படுவதாகப் பாவனை செய்வது விசாரணைக்குக் கேடு என்று பெர்ஸ் 1868லேயே கூறிவிட்டார். உடம்பில் முள் தைத்தவர் முள் எங்கே என்று தேடுவதற்கும், தைக்காதவர் முள்ளைப் பற்றி விவாதிப்பதற்கும் உள்ள தொலைவு அது. ஆனால் பெர்ஸ் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இங்கே இருக்கிறது. ஒரு சமூகத்தில் உறுத்தல் எல்லோருக்கும் ஒரே அளவில் ஏற்படுவதில்லை. ஒரு வழக்கம் பத்துப் பேருக்கு நிம்மதியாகவும் பதினோராவது ஆளுக்கு நரகமாகவும் இருக்கலாம். அப்போது விசாரணை யாருடைய உறுத்தலில் தொடங்கும்? யாருடைய உறுத்தல் அடங்கினால் விசாரணை முடிந்ததாகும்? அளவைத் துறையின் ஊசலுக்கு இந்தக் கேள்வி எழாது. அறம், கல்வி, ஜனநாயகம் ஆகிய மூன்றிலும் எழாமல் இருக்காது. நடைமுறைவாதத்தின் பெருமையும் அது சறுக்கிய இடங்களும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் 1870களின் தொடக்கத்தில் கூடிப் பேசிய ஒரு சிறு நண்பர் வட்டத்திலிருந்துதான் இந்தச் சிந்தனை கிளம்பியது. பெர்ஸ், வில்லியம் ஜேம்ஸ், சட்டம் படித்த ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் ஆகியோர் அதில் இருந்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து பத்தாண்டுகூட ஆகாத காலம். ஹோம்ஸ் அந்தப் போரில் மூன்று முறை குண்டடி பட்டவர். தாம் நம்புவதே இறுதி உண்மை என்று இரு தரப்பும் நம்பியதன் விலையை உடம்பிலேயே சுமந்தவர். மாறாத உறுதிகள் மனிதரைக் கொல்லும் என்ற பாடம் அந்தத் தலைமுறைக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. பெர்ஸின் எண்ணத்தைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ். 1898இல் பெர்க்லியில் நிகழ்த்திய உரையில் நண்பருக்கு உரிய பெருமையைக் கொடுத்து அந்தப் பெயரை அறிமுகப்படுத்தினார். 1907இல் வந்த அவருடைய நூல் அதை உலகறியச் செய்தது. ஜேம்ஸின் கையில் விளைவு என்பது தனிமனிதரின் வாழ்வில் நேரும் விளைவாகவும் விரிந்தது. ஒரு நம்பிக்கை வாழ உதவுமானால் அந்த அளவுக்கு அது உண்மை என்ற தொனி வந்ததும், காரியம் ஆனால் சரி என்பதுதான் இந்தத் தத்துவம் என்ற தவறான புரிதல் ஒட்டிக்கொண்டது. இன்றும் அரசியல்வாதி ஒருவர் கொள்கையைக் கைவிட்டுக் கூட்டணி மாறினால் அவரை நடைமுறைவாதி என்கிறார்கள். ஜேம்ஸ் தந்த இந்தத் திருப்பம் பெர்ஸுக்குப் பிடிக்கவில்லை. தம் கொள்கைக்கு 1905இல் சற்றே மாற்றிய வேறொரு பெயரைச் சூட்டிக்கொண்டு விலகிநின்றார். நிலையான பல்கலைக்கழக வேலை கிடைக்காமல், பென்சில்வேனியாவின் மில்ஃபர்டில் வறுமையில் 1914இல் இறந்தார்.

அறத்தைப் பற்றி ஜேம்ஸ் 1891இல் எழுதிய கட்டுரை, காரியம் ஆனால் சரி என்ற புரிதலுக்கு நேர் எதிரானது. ஓர் உயிர் ஒன்றை வேண்டி நிற்கிறது என்றாலே, அதை நிறைவேற்றும் கடமையும் அங்கே பிறந்துவிடுகிறது. வேறொரு கோரிக்கை குறுக்கே நின்றால் மட்டுமே அதை மறுக்கலாம். வானத்திலிருந்து இறங்கிய பட்டியலைப் பார்த்து அறத்தைத் தீர்மானிக்க முடியாது. யாருடைய கோரிக்கை நசுங்குகிறது என்று செவிகொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதே கட்டுரையில் ஒரு கற்பனை வருகிறது. கோடிக்கணக்கானவர்கள் என்றென்றும் இன்பமாக வாழலாம், அதற்கு எங்கோ ஒரு மூலையில் ஒரே ஓர் உயிர் தனிமையில் வதைபட வேண்டும் என்றால், அந்த பேரத்தை ஏற்பது எவ்வளவு அருவருப்பானது என்று ஜேம்ஸ் கேட்கிறார். விளைவுகளைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் கணக்கு அங்கே தோற்றுப்போகிறது. அந்த அருவருப்பு எந்தக் கணக்கிலிருந்தும் வருவதில்லை என்பதை ஜேம்ஸும் ஒப்புக்கொண்டார். விளைவையே உரைகல்லாக வைத்த ஒருவர் இப்படி ஒப்புக்கொண்டது பலவீனம் என்று சில விமர்சகர்கள் கருதலாம்; அந்தக் கட்டுரையின் உயிர்நாடியே அதுதான்.

இந்த அறப்பார்வையை மேசையிலிருந்து தெருவுக்குக் கொண்டுபோனவர் ஜேன் ஆடம்ஸ். 1889இல் சிகாகோவின் குடியேறிகள் வாழும் பகுதியில் ஹல் ஹவுஸ் என்ற குடியிருப்பைத் தொடங்கியவர். 1902இல் வந்த அவருடைய நூலில், ஏழைகளுக்கு உதவி வழங்கும் சங்கத்தின் சார்பில் வீடுவீடாகப் போகும் ஓர் இளம்பெண்ணைப் பற்றிய அத்தியாயம் உண்டு. வசதியான வீட்டில் வளர்ந்த அவளுக்குச் சிக்கனம், நிதானம், உழைப்பு ஆகியவை ஐயமற்ற நற்பண்புகள். போகிற வீடுகளிலோ வேலைக்குப் போகும் சிறுமி சம்பளத்தில் பெரும்பங்கை உடைக்குச் செலவழிக்கிறாள். முதலில் இது ஊதாரித்தனமாகத் தெரிகிறது. பிறகுதான் புரிகிறது: வசதியான பெண்ணுக்கு அவள் வீடும் குடும்பமும் பின்புலமாக நிற்கும், அந்தச் சிறுமியை உலகம் அவள் உடையை வைத்து மட்டுமே எடைபோடும். அண்டை வீட்டார் கேள்வி கேட்காமல் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குகிறார்கள். உதவிக்கு வந்தவளோ விசாரித்து, உறுதிசெய்து, அளந்து கொடுக்கிறாள். அவர்கள் பார்வையில் ஈரமில்லாதவள் அவள்தான். தன் அளவுகோல் தன் வர்க்கத்தின் அளவுகோல் என்று அவள் உணரும் கணத்தில் அறம் தொடங்குகிறது என்பது ஆடம்ஸின் கருத்து. இந்தக் கொள்கையை அவரைவிடத் தெளிவாக வாழ்ந்து காட்டிய தத்துவப் பேராசிரியர் யாரும் இல்லை. தத்துவ வரலாறுகள் அவரை நெடுங்காலம் சமூக சேவகி என்ற அளவிலேயே நிறுத்தி வைத்தது பெரும் அநீதி.

சிகாகோவில் ஆடம்ஸின் நண்பராக இருந்தவர் தத்துவப் பேராசிரியர் ஜான் டூயி. ஒரு முடிவெடுக்கும் முன் மனிதர்கள் மனதுக்குள் ஓர் ஒத்திகை பார்க்கிறார்கள், இப்படிச் செய்தால் யாருக்கு என்ன ஆகும் என்று நடத்திப் பார்க்கிறார்கள், அந்த ஒத்திகையின் நேர்மையே அறம் என்றார் அவர். விதிக்கும் நெறிக்கும் அவர் வேறுபாடு காட்டினார். விதி இன்னதைச் செய் என்று ஆணையிடும். நெறியோ எதை எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று காட்டும், பொறுப்பைச் செய்பவர் தோளிலேயே விட்டுவிடும். இலக்கு நல்லதானால் எந்த வழியும் தகும் என்ற வாதத்தை டூயி எதிர்கொண்ட விதம் இன்றும் வாசிக்கத்தக்கது. 1937இல், எழுபத்தேழு வயதில், ரஷ்யப் புரட்சியாளர் ட்ராட்ஸ்கி மீது மாஸ்கோ சுமத்திய குற்றச்சாட்டுகளை விசாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கி மெக்சிகோ சென்றார். ட்ராட்ஸ்கி குற்றமற்றவர் என்று அந்தக் குழு கண்டது. மறுவருடமே அறம் பற்றி ட்ராட்ஸ்கி எழுதிய கட்டுரைக்கு டூயி மறுப்பு எழுதினார். வழியை இலக்குதான் நியாயப்படுத்துகிறது என்பதை அவர் மறுக்கவில்லை. எந்த வழி உண்மையில் எந்த விளைவைத் தருகிறது என்று ஆராயாமல், வர்க்கப் போராட்டமே வழி என்று வரலாற்று விதியொன்றிலிருந்து முன்கூட்டியே வருவித்துக்கொள்வதைத்தான் மறுத்தார். கையாளும் வழி நாம் அடையும் இலக்கின் பகுதியாகவே ஆகிவிடும் என்பது அவர் கருத்து.

இத்தனையும் சரியென்றால், 1927இல் நடந்தது எப்படி நடந்தது? கேரி பக் என்ற இளம்பெண்ணுக்கு அவள் சம்மதமின்றிக் கருத்தடை அறுவை செய்ய வர்ஜீனியா மாநிலச் சட்டம் இடங்கொடுத்தது. அறிவுக் குறைபாடு உள்ளவள் என்று அவளை ஓர் அரசு விடுதியில் அடைத்திருந்தார்கள். வளர்ப்புக் குடும்பத்தின் உறவினன் ஒருவன் அவளை வன்புணர்ந்து, அதில் குழந்தை பிறந்ததை மறைக்கவே அடைத்தார்கள் என்பது பின்னால்தான் வெளிவந்தது. அவளுக்காக வாதாடிய வழக்கறிஞர் அந்த விடுதியின் நிர்வாகத்தில் முன்பு இருந்தவர். அவள் தரப்பில் ஒரு சாட்சியைக்கூட அவர் அழைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டத்தை ஏற்றது. தாய், மகள், பேத்தி மூவரையும் மந்தபுத்தி என்று முத்திரை குத்தி, மூன்று தலைமுறை போதும் என்ற பொருளில் தீர்ப்பெழுதியவர் அதே ஹோம்ஸ். உறுதிகள் கொல்லும் என்று போர்க்களத்தில் படித்தவர், சமூக நன்மை என்ற விளைவை எடைபோட்டு, ஒரு பெண்ணின் உடலைத் தராசின் மறுதட்டில் வைத்துவிட்டார். பேத்தி என்று தீர்ப்பு சுட்டிய அந்தக் குழந்தை பள்ளிக்குப் போனாள், நன்றாகப் படிப்பவர்கள் பட்டியலில் இடம்பெற்றாள், எட்டு வயதில் நோயால் இறந்தாள். இத்தகைய சட்டங்களால் அமெரிக்காவில் 60,000க்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. இதை நடைமுறைவாதத்தின் தவிர்க்க முடியாத முடிவு என்பது அநியாயம்; அதற்குச் சம்பந்தமே இல்லை என்பதும் அநியாயம். விளைவைக் கணக்கிட்டார்கள். அதை உடம்பில் ஏற்க வேண்டியவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெர்ஸ் சொன்ன விசாரிப்போர் சமூகத்துக்குள் கேரி பக் அனுமதிக்கப்படவே இல்லை.

டூயிக்கும் இதுபோன்ற ஒரு வேளை வந்தது. 1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது, போரைச் சரியாகக் கையாண்டால் உலகில் ஜனநாயகத்தை விரிவாக்கலாம் என்று எழுதி ஆதரித்தார். அவரைக் குருவாகக் கொண்டாடிய இளம் எழுத்தாளர் ரண்டால்ஃப் போர்ன் அந்த அக்டோபரில் மனமுடைந்து எதிர்த்தெழுதினார். கருவிகளைத் திறமையாகக் கையாளக் கற்றுக்கொடுத்த தத்துவம், எதற்காக என்ற கேள்வி வந்ததும் கையை விரித்துவிட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. போரை அறிவால் வழிநடத்தலாம் என்று நினைத்தவர்களைப் போர் வழிநடத்திச் சென்றது. போர்ன் 1918 டிசம்பரில், 32 வயதில், பரவிவந்த விஷக்காய்ச்சலில் இறந்தார். டூயி பிற்காலத்தில் போரையே சட்டவிரோதமாக்கும் இயக்கத்தில் சேர்ந்தார். தம் கொள்கைப்படியே விளைவைக் கண்டு நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார் என்று இதைப் படிக்கலாம்தான். ஆனால் போர்ன் எழுப்பிய கேள்வி அதனால் தீர்ந்துபோகவில்லை.

கல்வியில் நடைமுறைவாதம் செய்தது இவற்றைவிட ஒளி மிகுந்த கதை. 1896 ஜனவரியில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் சார்பில் டூயி ஒரு பள்ளியைத் தொடங்கினார். தொடக்கத்தில் 16 பிள்ளைகள். பள்ளிக்கு மேசை நாற்காலி வாங்கக் கடைகடையாக அலைந்ததை அவர் பதிவுசெய்திருக்கிறார். எங்கும் தோதானது கிடைக்கவில்லை. பிள்ளைகள் வேலை செய்வதற்கான மேசையை நீங்கள் கேட்கிறீர்கள், எங்களிடம் இருப்பதெல்லாம் உட்கார்ந்து கேட்பதற்கானவை என்று கடைக்காரர் ஒருவர் கூறினாராம். அந்தப் பள்ளியில் பிள்ளைகள் கம்பளியையும் பருத்தியையும் ஆட்டிலிருந்தும் செடியிலிருந்தும் வந்த நிலையிலேயே கையில் எடுத்துப் பார்த்தார்கள். பருத்தியைவிடக் கம்பளி நெய்தல் ஏன் முதலில் வளர்ந்தது என்ற கேள்வி எழுந்தது. ஒரு குழு அரை மணி நேரம் உட்கார்ந்து பஞ்சிலிருந்து கொட்டையை விரலால் பிரித்தது. ஓர் அவுன்ஸ் பஞ்சுகூடத் தேறவில்லை. கொட்டை பிரிக்கும் எந்திரம் ஏன் வரலாற்றைப் புரட்டியது என்பது அதன்பின் விளக்காமலே விளங்கிவிட்டது. பஞ்சு இழையின் குட்டையையும் வழவழப்பையும், கம்பளி இழையின் நீளத்தையும் சொரசொரப்பையும் விரல்கள் ஒப்பிட்டன. இங்கே உறுத்தல் பிள்ளையுடையது, விசாரணையும் பிள்ளையுடையது. 1916இல் வந்த ‘ஜனநாயகமும் கல்வியும்’ இந்த அனுபவத்தின்மேல் எழுந்த நூல். கேட்பதற்காக மட்டும் செய்யப்பட்ட மேசையில் வளர்ந்தவர் பிற்பாடு வாக்குச்சாவடியில் மட்டும் திடீரென்று சிந்திக்கும் குடிமகனாகிவிட மாட்டார் என்பதே அதன் அடிநாதம்.

செய்து கற்றல் என்ற சொற்றொடர் உலகெங்கும் பரவியபோது பல இடங்களில் அது சக்கையாகத்தான் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் விரும்பியதைச் செய்யட்டும் என்று விட்டுவிட்ட முற்போக்குப் பள்ளிகளை டூயியே 1938இல் கண்டித்தார். எல்லா அனுபவமும் கல்வியாகாது. அடுத்த அனுபவத்தின் கதவை மூடிவிடும் அனுபவமும் உண்டு. அதற்கும் முன்பே, இல்லினாய்ஸ் மாநிலத்தில் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தனித் தொழிற்பள்ளி வாரியம் அமைக்க முயன்றபோது, கைவேலையைப் பள்ளிக்குள் கொண்டுவந்த அவரே கடுமையாக எதிர்த்தார். இருக்கும் தொழில் அமைப்புக்குப் பொருத்தமான ஆட்களை வார்த்துக் கொடுப்பது கல்வியின் வேலை அல்ல என்பது அவர் நிலை. தமிழ்நாட்டுக்கு இந்த வேறுபாடு புத்தகச் செய்தி அல்ல. 1953இல் ராஜாஜி அரசு சென்னை மாநிலத்தில் கிராமத் தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கலாம் என்றது. பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் அதைக் குலக்கல்வி என்று அழைத்து எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராசர் திட்டத்தைக் கைவிட்டார். திட்டத்தின் ஆதரவாளர்கள் கைத்தொழிலின் கல்விப் பயன் பற்றிப் பேசியவை காகிதத்தில் டூயியோடு ஒத்துப்போகக் கூடியவைதாம். ஆனால் சிகாகோப் பிள்ளை பஞ்சைப் பிரித்தது நெசவாளி ஆவதற்காக அல்ல. சாதி சமூகத்தில் சலவைத் தொழிலாளியின் பிள்ளை துணி வெளுக்கக் கற்பது அடுத்த அனுபவத்தின் கதவை மூடும் அனுபவம். விளைவை அனுபவிக்கப்போகிறவர்கள் குரலெழுப்பியதால்தான் அந்தச் சோதனை நின்றது.

ஜனநாயகம் பற்றிய டூயியின் எண்ணம் ஒரு சவாலுக்குப் பதிலாக முழுமை பெற்றது. பத்திரிகையாளர் வால்டர் லிப்மன் 1922லும் 1925லும் எழுதிய இரு நூல்களில், பொதுமக்கள் என்று ஒன்று நடைமுறையில் இல்லை, சாதாரண மனிதனால் நவீன உலகின் சிக்கலைப் புரிந்துகொள்ள முடியாது, நிர்வாகத்தை விவரமறிந்தவர்களிடம் விட்டுவிடலாம் என்று வாதித்தார். டூயி அவருடைய நோய்க்குறிப்பை ஏறக்குறைய ஏற்றார், மருந்தை ஏற்கவில்லை. 1927இல் வந்த மறுமொழியில் அவர் காட்டிய உவமை புகழ்பெற்றது: செருப்பைத் தைக்கத் தெரிந்தவர் தொழிலாளிதான், ஆனால் அது எங்கே கடிக்கிறது என்று அணிந்தவருக்குத்தான் தெரியும். கேரி பக் தீர்ப்பு வந்த அதே ஆண்டு இந்த நூலும் வந்தது. வாக்கெடுப்பு இதில் சிறு பகுதிதான். வாக்கெடுப்புக்கு முந்திய பேச்சு, கடிக்கிறது என்று கூறுகிறவரின் வார்த்தை அவையில் ஏறுவது, அதைக் கேட்டு மற்றவர்கள் தம் கருத்தைத் திருத்திக்கொள்வது ஆகியவையே ஜனநாயகம். இப்படிப் பார்த்தால் ஜனநாயகம் அறிவுக்கு வெளியே நிற்கும் அலங்காரம் அல்ல. ஒருவரை வெளியே நிறுத்திவிட்டுச் செய்யும் சமூக ஆராய்ச்சி, ஓர் அளவீட்டை வேண்டுமென்றே விட்டுவிட்டுச் சராசரி கண்ட ஆராய்ச்சியைப் போல, முடிவிலேயே பிழையானது. டூயி இதை உணர்ந்திருந்தார். ஆயினும் தம் நாட்டில் கறுப்பின மக்களின் நிலையைப் பற்றி அவர் எழுதியது மிகக் குறைவு. பேசினால் இணக்கம் பிறக்கும் என்ற அவருடைய நம்பிக்கை, பேச உட்காரவே விடாத அமைப்புகளை நேருக்குநேர் சந்திக்கவில்லை.

சந்தித்தவர் அவருடைய மாணவர். 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த பீமராவ் அம்பேத்கர் டூயியின் வகுப்புகளில் அமர்ந்தவர். 1919இல் வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழுவின்முன் அளித்த சாட்சியத்திலேயே, பிரிந்துகிடக்கும் குழுக்களுக்கிடையே அனுபவம் ஊடுருவிக் கலப்பது பற்றி டூயியின் மொழியில் பேசினார். 1936இல் எழுதிய ‘சாதியை அழித்தொழித்தல்’ உரையில் டூயியைத் தம் ஆசிரியர் என்று நன்றியோடு குறிப்பிட்டார். விதிக்கும் நெறிக்குமான அந்த வேறுபாட்டை எடுத்து, மதம் என்று கொண்டாடப்படுவது வெறும் கட்டளைகளின் தொகுப்பாகச் சுருங்கிவிட்டதென்று காட்டினார். ஆனால் ஆசிரியரின் கருவிகளை அவர் அப்படியே பயன்படுத்தவில்லை. அனுபவம் கலக்க வேண்டுமானால் முதலில் சுவர் இடிய வேண்டும், அதற்குத் தனிப் பிரதிநிதித்துவமும் சட்டமும் வேண்டும் என்று கண்டார். அவர் முன்னின்று வரைந்த இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை எந்த வடிவத்திலும் ஒழிக்கிறது. சோதித்துப் பார்ப்போம் என்ற தயக்கம் அதன் வாசகத்தில் இல்லை. விளைவுகளைக் கண்டு திருத்திக்கொள்ளும் தத்துவத்தில் பயின்றவர் இவ்வளவு உறுதியாக எழுதலாமா என்றால், பெர்ஸின் எச்சரிக்கையே பதில். தீண்டாமை தீங்கா என்று இன்னும் சான்று கேட்பது பாவனைச் சந்தேகம். அந்தச் சோதனை நூற்றாண்டுகளாக மனித உடல்களின்மேல் நடந்து முடிந்துவிட்டது; முடிவு யாருக்கும் தெரியாமல் இல்லை.

அந்த 1936 உரையை லாகூரில் நிகழ்த்த அம்பேத்கரை அழைத்தவர்கள் சாதி ஒழிப்புக்கென்றே அமைந்த சங்கத்தார். உரையை முன்கூட்டிப் படித்துப் பார்த்துச் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள், அவர் மறுத்ததும் மாநாட்டையே ரத்து செய்தார்கள். அவர் அதைத் தம் செலவில் அச்சிட்டார். அவருடைய ஆசிரியர் டூயியோ தமிழ்நாட்டின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் தவறாமல் பாடமாக இருக்கிறார். செய்து கற்றல், மாணவர் மையக் கல்வி என்று சில குறிப்புகளாக மாணவர்கள் அவரை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகிறார்கள். அந்தப் பாடத்தின் பக்கத்திலேயே, அதே பருவத்தில், அம்பேத்கரின் அந்த உரையையும் முழுமையாக வாசிக்க வைக்க வேண்டும்.